இரு அமெரிக்கக் கார்களும் நம் பால்மரமும்

மன்னர்களின் வெற்றி தோல்விகளை வரிசைப்படுத்துவதே வரலாறு எனக் கருதிய காலம் மலையேறிவிட்டது. மக்கள் உண்ட உப்புக்கும் மிளகுக்கும் உடுத்த பருத்திக்கும் வரலாறு உண்டு. சென்ற நூற்றாண்டின் வாழ்வையே மாற்றியமைத்த மோட்டார் காருக்கும் அவ்வாறே ஒரு வரலாறு உண்டு. அது பெருமளவில் செய்யப்பட்ட ஊர் அமெரிக்காவின் டெட்ராய்ட் என்பதை யாவரும் அறிவர். அது ஓடுவதற்குக் காலாக அமைந்த டயரோ, ஜோகூரிலும் சிலாங்கூரிலும் பேராவிலும் விடியற்காலையில் பால் வெட்டிய தமிழரின் கையிலிருந்து தொடங்கியது. இப்பகுதியை நம் பாடநூல்கள் ஓரிரு வரிகளில் சொல்லிக் கடந்துவிடுகின்றன.

இக்கட்டுரையில் இரண்டு அமெரிக்கக் கார்களை எடுத்துக்கொண்டு ஒப்பிடுவோம். ஒன்று, 1908இல் வெளிவந்த ஃபோர்டு 'டி' கார், உருவில் சிறியது. மற்றொன்று, 1959ஆம் ஆண்டின் காடிலாக் கார். உருவில் மிகப் பெரியது. இவ்விரண்டனுள் நம் பால்மரத்தை மிகுதியும் நம்பி வாழ்ந்தது எது என்பதே கேள்வி. பெரிய காருக்குப் பெரிய டயர். ஆகவே பெரிய காரே என்று எவரும் எளிதாக விடை கூறுவர். வரலாறு தரும் விடை வேறு.

ஒரே வீட்டில் பிறந்தவை

இவ்விரு கார்களுக்கும் ஒரு குடும்ப உறவு உண்டு. ஹென்றி ஃபோர்டு தம் பெயராலேயே நடந்த ஒரு நிறுவனத்தினின்றும் 1902இல் கருத்து வேற்றுமையால் விலகினார். முதல் போட்டவர்கள் அதனை மூடிவிட எண்ணி, பட்டறையை மதிப்பிட ஹென்றி லேலண்டு என்னும் பொறிவல்லுநரை அழைத்தனர். அவர், மூடவேண்டா, தொடர்ந்து கார் செய்க என அறிவுரை கூறினார். அவ்வாறு மறுபிறவி எடுத்த நிறுவனமே காடிலாக். 1701இல் டெட்ராய்ட் நகரை நிறுவிய பிரெஞ்சுக்காரரின் பெயர் அதற்கு இடப்பட்டது. ஃபோர்டு 1903இல் புதிய நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். ஆக, ஏழை எளியோரின் காரும் செல்வரின் காரும் ஒரே வீட்டிலிருந்து பிரிந்து சென்ற இரு கிளைகள் எனலாம்.

சிறிய கார்

ஃபோர்டு 'டி' காரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 100 அங்குலம். நான்கு சிலிண்டர், 2.9 லிட்டர் எஞ்சின், 20 குதிரைத்திறன். மணிக்கு 40 மைல் வேகமே அதற்கு எல்லை. முன்புறம் கைப்பிடியைச் செருகிச் சுழற்றித்தான் எஞ்சினை எழுப்ப வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறிவதும் உண்டு. பெட்ரோல் தானாக வழிந்து எஞ்சினுக்கு வரும் அமைப்பு ஆதலின், தொட்டியில் எண்ணெய் குறைந்திருக்கும்போது செங்குத்தான மேட்டில் அதைப் பின்னோக்கி ஓட்டி ஏற்றுவர். இத்தனை குறைகளுக்கிடையிலும் அது உயர்ந்த வகை எஃகால் ஆனது, எடை குறைந்தது, தரையினின்று உயர்ந்து நின்றது, பட்டறையில் பழகிய எவரும் பழுது பார்க்கத்தக்கது. செம்மண் சாலைக்கும் சேற்றுக்கும் ஏற்ற வண்டி அது.

1913இல் ஃபோர்டு தம் ஆலையில் நகரும் தொடர்வரிசை முறையைக் கொண்டுவந்தார். தொழிலாளி நின்ற இடத்திலேயே நிற்க, வேலை அவனைத் தேடி வந்தது. ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பொருத்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆன நிலை மாறி, 93 நிமிடத்தில் அது முடிந்தது. 1908இல் 850 டாலர் விலையில் தொடங்கிய 'டி' வரிசையின் மிக மலிவான வண்டி 1925இல் 260 டாலருக்குக் கிடைத்தது. 1927இல் உற்பத்தி நிற்பதற்குள் ஒன்றரைக் கோடி கார்கள் செய்யப்பட்டன. 1920களின் தொடக்கத்தில் உலகில் ஓடிய கார்களில் ஏறக்குறையப் பாதி இந்த ஒரே வகையைச் சேர்ந்தவை.

நம் நாட்டுக்கும் அது வந்தது. சிங்கப்பூரில் தொடங்கிய வேர்ன் சகோதரர் நிறுவனம் ஃபோர்டு கார்களை மலாயாவில் விற்றது. 1926இல் கனடா ஃபோர்டு நிறுவனத்தின் கிளையாக மலாயா ஃபோர்டு நிறுவனம் சிங்கப்பூரில் அமைந்தது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளுக்குக் கனடா வழியாகவே கார் அனுப்புவது ஃபோர்டின் வழக்கம். 'டி' காரின் அடிச்சட்டத்தின்மேல் மரத்தாற் கூடு கட்டி, ஏழுபேர் ஏறும் சிறு பேருந்துகளாக்கிச் சிங்கப்பூர்த் தெருக்களில் ஓட்டினர். இண்டு இடுக்கெல்லாம் புகுந்து பறந்ததால் 'கொசு பஸ்' என்று அதற்குப் பெயர். 1924 ஜூன் 28இல் ஜோகூர்க் கடற்பாலம் முறைப்படி திறக்கப்பட்டபின், சிங்கப்பூரிலிருந்து கார் படகேறாமலே ஜோகூருக்கு வந்து சேர்ந்தது.

அதன் கால்கள்

இச்சிறிய காரின் டயர்களைச் சற்று உற்று நோக்குவோம். முன் டயர் 3 அங்குல அகலம். பின் டயர் மூன்றரை அங்குல அகலம். தொடக்கத்தில் அவை வெண்மையாக இருந்தன. ரப்பரோடு கரித்தூளைக் கலந்தால் தேய்மானம் குறையும் என்பது பின்னரே கைக்கொள்ளப்பட்டது. அப்போதுதான் டயர் கறுத்தது. அக்காலத்து டயர் சில ஆயிரம் மைல் ஓடுவதற்குள் தேய்ந்து கிழியும். கார் ஒன்றாயினும் அது தின்று தீர்த்த டயர்கள் பல. அந்த ரப்பர் முழுவதும் மரத்திலிருந்து வடிந்த பால். அதற்கு மாற்று என்று சொல்லத்தக்க பொருள் வாணிகத்தில் இல்லை.

1876இல் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன வித்துகளின் வழிவந்த 22 கன்றுகள், 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. மரத்தைச் சாகவிடாமல் நாள்தோறும் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்ப் பூங்காவின் தலைவர் ரிட்லி வகுத்துக்கொடுத்தார். ஆயினும் 1900இல் மலாயாவில் ரப்பர் சில ஆயிரம் ஏக்கரில்தான் இருந்தது. 1920களின் தொடக்கத்தில் அது இருபது இலட்சம் ஏக்கரைத் தாண்டியது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் நடந்தது யாது? டெட்ராய்ட்டில் கார் பெருகியது. அதே வேகத்தில் இங்கே காடு அழிந்து பால்மரம் எழுந்தது. அந்த மரங்களுக்கு ஆள் தேடிக் கங்காணிகள் தமிழ்நாட்டு ஊர்களுக்குச் சென்றனர். சேலத்திலும் திருச்சியிலும் தஞ்சையிலும் உழவு பொய்த்த குடும்பங்கள் கப்பலேறின. இவ்வாறு நோக்கினால், நம் பாட்டன்மாரை இந்நாட்டுக்கு அழைத்தவர்களுள் ஹென்றி ஃபோர்டும் ஒருவர் என்பது மிகையாகாது.

விலையும் வாழ்வும்

1910 ஏப்பிரலில் இலண்டனில் ஒரு பவுண்டு ரப்பரின் விலை 12 ஷில்லிங்கைத் தாண்டியது. தோட்டங்களில் பங்கு வாங்கியவர்கள் செல்வரானார்கள். ஆனால் விலை என்றும் அவ்வாறு நிற்கவில்லை. முதல் உலகப் போருக்குப்பின் அது வீழ்ந்தபோது, 1922 நவம்பரில் ஸ்டீவன்சன் திட்டம் என்னும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு வந்தது. 1925இல் விலை மீண்டும் 4 ஷில்லிங்குக்கு மேல் ஏறியது. அக்காலத்தில் உலக ரப்பரில் பத்தில் ஏழு பங்கை அமெரிக்காவே வாங்கியது. அங்கே கூக்குரல் எழுந்தது. வாணிக அமைச்சராயிருந்த ஹூவர், பழைய டயரை ஒட்டுப்போட்டு ஓட்டுமாறு தம் மக்களை வேண்டினார்.

ஃபோர்டு வேறு வழி தேடினார். தம் டயருக்கு வேண்டிய ரப்பரைத் தாமே பயிரிடத் துணிந்து, 1928இல் பிரேசிலின் தபாஜோஸ் ஆற்றங்கரையில் 'ஃபோர்டுலாண்டியா' என்னும் நகரத்தையே கட்டினார். ரப்பரின் தாய்நாடாகிய அங்கே மரங்களை நெருக்கி நட்டதும் இலைக்கருகல் நோய் பரவியது. இரண்டு கோடி டாலர் வரை செலவிட்டும் பயனின்றி, 1945இல் அந்நிலங்களைப் பிரேசில் அரசிடமே மிகக் குறைந்த தொகைக்கு ஒப்படைத்து விலகியது ஃபோர்டு நிறுவனம். கீழை நாட்டுப் பால்மரத்தை விட்டால் சிறிய காருக்கு வேறு கதியில்லை என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டா.

நிற்க. இவ்வளவு இன்றியமையாத பொருளைத் தந்தவர்களின் நிலை எவ்வாறு இருந்தது? 1914 ஜனவரியில் ஃபோர்டு தம் தொழிலாளருக்கு எட்டு மணி நேர வேலைக்கு 5 டாலர் என அறிவித்தார். அன்றைய மாற்று விகிதத்தில் அது ஏறக்குறைய 8 மலாயா வெள்ளி 80 காசு. பதினைந்து ஆண்டுகள் கழிந்து, 1920களின் இறுதியில் மலாயாத் தோட்டங்களில் ஆண் தொழிலாளிக்கு வரையறுக்கப்பட்ட நாட்கூலி 50 காசு; பெண்ணுக்கு 40 காசு. காரைச் செய்தவன் ஓராண்டுக்குள் ஈட்டிய கூலியில் ஒரு கார் வாங்க இயன்றது. அதன் டயருக்குப் பால் வெட்டியவன் ஒரு மிதிவண்டி வாங்கவும் நெடுநாள் சேர்க்க வேண்டியிருந்தது.

பின்னர் 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. அமெரிக்காவில் கார் விற்பனை சரிந்தது. 1932இல் ஒரு பவுண்டு ரப்பர் 2 பென்சுக்கும் கீழே போனது. இங்கே கூலி வெட்டப்பட்டது. பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கப்பலேற்றித் திருப்பியனுப்பப்பட்டனர். கார் பெருகியபோது அழைக்கப்பட்டவர்கள், கார் குறைந்தபோது அனுப்பப்பட்டார்கள்.

போர் அறுத்த கயிறு

சிறிய காருக்கும் பெரிய காருக்கும் இடையே ஒரு போர் நிற்கிறது. அதன் முக்கிய நிகழ்ச்சிகள் நம் வாசலிலேயே நடந்தன. 1942 ஜனவரி 31இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை கடற்பாலத்தை உடைத்தது. பிப்ரவரி 8 இரவில் ஜப்பானியப் படைகள் ஜோகூர் நீரிணையைக் கடந்தன. பிப்ரவரி 15இல் ஜெனரல் பெர்சிவல் ஜெனரல் யமஷிதாவிடம் சரணடைந்தார். அச்சரணாகதி கையெழுத்தான இடம், புக்கிட் தீமாவில் நான்கு திங்களுக்கு முன்னர்தான் கட்டி முடிக்கப்பட்டிருந்த ஃபோர்டு கார் ஆலை! மலாயாவின் ரப்பர் அமெரிக்காவின் கைவிட்டுப் போனதற்கு அமெரிக்கக் கார் ஆலையே சாட்சியாக நின்றது. அக்கட்டடம் இன்று நினைவுக் காட்சியகமாக உள்ளது.

அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு நின்றுபோயிற்று. அங்கே முதன்முதல் பங்கீட்டுக்கு உட்பட்ட பொருள் டயர். புதிய கார் செய்வது 1942 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. காடிலாக் ஆலை பீரங்கி வண்டி செய்யத் தொடங்கியது. டயர் தேயாதிருக்க வேண்டி நாடெங்கும் 35 மைல் வேக வரம்பு விதித்தனர். பெட்ரோல் போதிய அளவு இருந்த மாநிலங்களிலும் அதற்குப் பங்கீடு வந்தது. அதுவும் டயரைக் காக்கவே. அதே வேளையில் எண்ணெயிலிருந்தும் சாராயத்திலிருந்தும் பியூட்டாடையீன், ஸ்டைரீன் என்னும் பொருள்களைப் பெற்று, அவற்றை இணைத்துச் செயற்கை ரப்பர் செய்யும் ஆலைகளை அமெரிக்க அரசு விரைந்து எழுப்பியது. 1941இல் ஏறக்குறைய 8,000 டன்னாக இருந்த செயற்கை ரப்பர், 1945இல் 8 இலட்சம் டன்னைத் தாண்டியது. ஃபோர்டின் செல்வத்தால் முடியாததைப் போர் நான்கே ஆண்டுகளில் முடித்தது.

அந்த நான்கு ஆண்டுகளில் இங்கே நம்மவர் கண்டதோ வேறு. பால் வாங்குவாரற்றுத் தோட்டங்கள் பாழடைந்தன. வேலையும் அரிசியும் இன்றித் தவித்த லயங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் – பர்மா இரயில் பாதை போடக் கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பாதவர் பலர். ஜோகூர்த் தோட்டங்களிலும் அத்தகைய இழப்பைச் சுமந்த குடும்பங்கள் உண்டு.

பெரிய கார்

இனி 1959ஆம் ஆண்டுக் காடிலாக்கைக் காண்போம். நீளம் 225 அங்குலம். ஏறத்தாழப் பத்தொன்பது அடி. இரு சக்கரங்களுக்கிடையே 130 அங்குலம். எட்டு சிலிண்டர், 6.4 லிட்டர் எஞ்சின், 325 குதிரைத்திறன். எடை இரண்டு டன்னுக்கு மேல். விலை ஏறக்குறைய 5,000 டாலர். பின்புறத்தில் சுறாவின் துடுப்பைப்போல் இரு இறக்கைகள் உயர்ந்து நிற்கும். 1948இல் ஒரு போர் விமானத்தின் வாலைக் கண்டு அமைத்த சிறு மேடே பதினோராண்டில் இவ்வாறு வளர்ந்தது. அவ்விறக்கையால் வேகமும் கூடாது, பயனும் இராது. செல்வத்தின் கொடி அது. கைப்பிடி சுழற்றும் தொல்லை இதற்கில்லை. மின்விசையால் எஞ்சினை எழுப்பும் கருவியைக் காடிலாக்கே 1912இல் முதன்முதல் கொண்டுவந்தது.

அதன் டயர்களும் பருத்தவை. காற்றழுத்தம் குறைந்து மெத்தென்று உருள்பவை. ஆனால் 1959இல் அமெரிக்கா பயன்படுத்திய புது ரப்பரில் மூன்றில் இரண்டு பங்கு ஆலையில் செய்தது. கார் டயரின் மேற்பரப்பு பெரும்பாலும் செயற்கை ரப்பரே. மேலும், டயர் நுட்பம் முன்னேறியதால் ஒரு டயர் ஓடும் தொலைவு பன்மடங்கு கூடியிருந்தது. லாரிக்கும் விமானத்துக்கும் இயற்கை ரப்பரே வேண்டியிருந்தது. உள்ளே மூளும் சூட்டை அதுவே நன்கு தாங்கும். காருக்கோ அது இருந்தாலும் ஆகும், குறைந்தாலும் ஆகும்.

இங்கு மற்றொரு முரண்பாட்டையும் காண்க. போருக்குப்பின் ஸ்டெர்லிங் நாணய வட்டத்துக்கு மிகுதியான டாலரை ஈட்டித் தந்தது மலாயாவின் ரப்பரும் ஈயமும். கொரியப் போரின்போது, 1951இல், ஒரு பவுண்டு ரப்பர் 2 வெள்ளியைத் தாண்டியது. ஆயினும் டாலர் பொருள்களை வாங்க இங்கே கட்டுப்பாடு இருந்தது. பிரிட்டனின் கடனைச் சமாளிக்க அந்த டாலர் தேவைப்பட்டது. ஆகவே, நம் சாலைகளில் ஓடியவை பெரும்பாலும் ஆஸ்டின், மோரிஸ் முதலிய பிரிட்டிஷ் கார்கள். டாலரை ஈட்டிய நாட்டில் டாலர் கார் அரிதாயிற்று. இரண்டே ஆண்டில், 1953இல், ரப்பர் விலை 70 காசுக்கும் கீழே விழுந்தது.

எது பெரிது?

இப்போது தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். எடையிலும் நீளத்திலும் திறனிலும் காடிலாக் பெரிது. இயற்கை ரப்பரின் துணையின்றி ஓரடியும் நகர முடியாதது ஃபோர்டு 'டி'. வாங்குவோனுக்கு வேறு வழியில்லாத காலம் சிறிய காரின் காலம். வாங்குவோனுக்கு வேறு வழி பிறந்துவிட்ட காலம் பெரிய காரின் காலம். செயற்கை ரப்பரின் விலை ஒரு கூரைபோல் அமைந்து, இயற்கை ரப்பரின் விலை நெடுநாள் அதற்குமேல் எழாதபடி தடுத்தது.

இத்துடன் கதை முடியவில்லை. 1973இல் எண்ணெய் விலை ஏறியது. பெட்ரோலை அள்ளிக் குடித்த பெரிய கார்களின் காலம் சாய்ந்தது. 1977இல் காடிலாக்கும் உருவில் சுருங்கியது. எண்ணெயிலிருந்து பிறக்கும் செயற்கை ரப்பரின் விலையும் ஏறியது. அதே காலத்தில் அமெரிக்காவில் பரவிய ரேடியல் டயருக்கு இயற்கை ரப்பர் கூடுதலாக வேண்டியிருந்தது. பால்மரத்துக்கு மீண்டும் மதிப்பு வந்தது. ஆயினும் அதற்குள் ஜோகூர்த் தோட்ட முதலாளிகள் பலர் செம்பனைக்கு மாறத் தொடங்கியிருந்தனர். பால்மரம் வெட்டப்பட்டது, ஆள் குறைவாக வேண்டும் பயிர் நடப்பட்டது, லயங்கள் காலியாயின.

ஆகவே, இரு காலத்துக்கும் பொதுவான உண்மை ஒன்று உண்டு. வாங்குவோனுக்கு வழியில்லாதபோதும் பால் வெட்டியவனுக்கு உயர்வு வரவில்லை. வாங்குவோனுக்கு வழி பிறந்தபோதும் வரவில்லை. காரணம், வெட்டுவோனுக்கு எக்காலத்தும் வேறு வழி இல்லாதிருந்ததே. ஃபோர்டு பிரேசிலுக்குப் போனார்; அமெரிக்க அரசு ஆலை கட்டியது; முதலாளி செம்பனை நட்டார். தொழிலாளிக்கு மட்டும் அதே நிரை, அதே மங்கு, அதே காண்டா.

நாம் கொள்ளும் பாடம்

அவனுக்கு வேறு வழி தர முயன்றவை இரண்டு. ஒன்று கூட்டுறவு. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர் சிறுகச் சேர்த்த பணத்தால் தோட்டங்களையே வாங்கியது. மற்றொன்று பள்ளி. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் எனக் கூட்டு மலாய் நாடுகளின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. ஜோகூரிலும் அதையொட்டிய சட்டம் வந்தது. மாட்டுக் கொட்டகை போன்ற கூடத்தில், பாதி நாள் கணக்கெழுதும் கிராணியே வாத்தியாராக நின்று தொடங்கிய பள்ளிகள் பல. அப்பள்ளிகளில் படித்து வெளியேறியவர்களின் பிள்ளைகளே இன்று மருத்துவராகவும் பொறியாளராகவும் நம்மைப்போல் ஆசிரியராகவும் இருக்கின்றனர்.

யான் பணியாற்றும் தோட்டப்பள்ளியைச் சுற்றி இன்று ஒரு பால்மரமும் இல்லை, எம்மருங்கும் செம்பனையே. என் மாணவருள் உளியும் மங்கும் கண்டவர் ஒருவரும் இலர். பெற்றோர் காரில் வந்து அவர்களை இறக்கிவிட்டுச் செல்கின்றனர். அதில் எனக்கு வருத்தமில்லை, மகிழ்ச்சியே. ஆனால் அந்தக் காரின் கறுத்த டயரைக் காட்டி, 'இது எங்கிருந்து வந்தது தெரியுமா?' என்று கேட்டால், 'கடையிலிருந்து' என்கின்றனர். அவ்விடையைத்தான் நாம் திருத்தவேண்டும். வரலாற்றுப் பாடத்தில் ஒரு வேளை, கணக்குப் பாடத்தில் ஒரு வேளை, மேற்கூறிய எண்களை ஆசிரியர் எடுத்துக்காட்டலாம். ஐந்து டாலருக்கும் ஐம்பது காசுக்கும் உள்ள தொலைவை மாணவரே கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

தன் பாட்டன் பாட்டியின் உழைப்பில் உலகம் உருண்டது என்பதை அறியும் பிள்ளை தலை நிமிர்ந்து நடக்கும். அவ்வுழைப்புக்கு உரிய பங்கு ஏன் கிடைக்கவில்லை என்பதையும் அறிந்தால், ஒரே கைத்தொழிலை, ஒரே கதவை நம்பி நிற்கக்கூடாது என்னும் தெளிவும் அதற்குப் பிறக்கும். அத்தெளிவைத் தருவது நம் கடமை.